கஞ்சா வழக்கு: ஜெயிலா, சிகிச்சையா?

போன மாதம் போதை வழக்குகளைப் பற்றி நான்கு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அம்மாக்களும் மனைவிகளும் எழுதியவை. பெயர்களை நீக்கிவிட்டு, பலருக்கும் பொருந்தும் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மகனுக்கு 21 வயது. 40 கிராம் கஞ்சாவோடு பிடித்து எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். ஜாமீனில் வந்துவிட்டான். மூன்று வருடமாகத் தினமும் இழுக்கிறான் என்பதே இப்போதுதான் எனக்குத் தெரியும். "ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும்" என்கிறார் என் தம்பி. செய்யலாமா வக்கீலம்மா? – ஒரு தாய், தேனி

உங்கள் தம்பி சொல்வது பொய்யில்லை, ஒரே நாளில் முடியும்தான். ஆனால் அன்றைக்கே உங்கள் மகன் தண்டனை பெற்றவன் ஆகிவிடுவான். நாளைக்கு அரசு வேலைக்குப் போலீஸ் விசாரணை வரும்போது அது எழுந்து நிற்கும். மறுபடி பிடிபட்டால் அதிகபட்சத் தண்டனை ஒன்றரை மடங்காகலாம். இதற்கெல்லாம் மேலே, பழக்கம் அப்படியே இருக்கும்.

என்டிபிஎஸ் என்று சொல்லப்படும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர், உபயோகித்ததற்காகவோ 'சிறிய அளவு' வைத்திருந்ததற்காகவோ வழக்கில் மாட்டியிருந்தால், தானாக முன்வந்து சிகிச்சை எடுக்கும்போது அவர் மீது வழக்கு நடத்தக்கூடாது என்கிறது அது. கஞ்சாவுக்குச் சிறிய அளவு 1 கிலோ வரை. ஆகவே 40 கிராம் தாராளமாக உள்ளே வரும்.

மூன்று விஷயம் கவனியுங்கள். மருத்துவமனை அரசு நடத்துவதாகவோ அரசு அங்கீகரித்ததாகவோ இருக்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவிலிருந்து தொடங்கலாம். அப்புறம், மகன் போதைக்கு அடிமை என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். இதில் ஒரு வேடிக்கை: ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்தவனுக்கு இந்தக் கதவு திறக்காது, தினமும் இழுப்பவனுக்குத்தான் திறக்கும். "என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்று அப்பாக்கள் கோர்ட் வராண்டாவில் சாதித்து, கிடைக்க இருந்த விலக்கைக் கெடுத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இது கைகூடாமல் குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தாலும் 39-வது பிரிவு இருக்கிறது. வயது, முன்நடத்தை, உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைப் பார்த்து, சிறைக்குப் பதிலாக மகனின் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்ப மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஓராண்டுக்குள் சிகிச்சை அறிக்கையைக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். கேட்காமல் இதெல்லாம் கிடைக்காது. அடுத்த வாய்தாவுக்குள் உங்கள் வக்கீலிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லி மனு போடச் சொல்லுங்கள்.

நண்பனிடம் ஒன்றரை கிலோ கஞ்சா பிடித்தார்கள். தன் செலவுக்காகத்தான் கொஞ்சம் விற்றான். அவனும் அடிமைதான். அவனுக்கும் சிகிச்சை கேட்கலாமா? – மதுரை

சிகிச்சை தாராளமாக எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். ஆனால் 64ஏ, 39 இரண்டுமே அவனுக்கு உதவாது. 1 கிலோவைத் தாண்டி 20 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் பத்தாண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். தெருமுனையில் பிடிபடும் சில்லறை வியாபாரிகளில் பலர் முதலில் அடிமைகள்தான். சட்டம் பார்ப்பது தராசை மட்டும். அதுவும் ஹெராயின் போன்ற பொடிகளில் கலப்பட மாவையும் சேர்த்தே எடை போடலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

என் தம்பியை ஒரு 'மறுவாழ்வு மையத்தார்' இரவில் வேன் கொண்டுவந்து தூக்கிப் போனார்கள். பணம் கட்டியது நாங்கள்தான். காலில் சங்கிலி போடுகிறார்களாம். ஜெயிலுக்கு இது மேல் என்று விட்டுவிடலாமா? – சேலம்

விடாதீர்கள். ஜெயிலில் ஜாமீன் கேட்கவாவது ஒரு கோர்ட் இருக்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநிலைகளும் மனநோயில் அடக்கம். அதனால் இப்படி அடைத்துவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்த நிலையிலும் கூடாது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். மழுப்பினால் அன்றைக்கே தம்பியை அழைத்து வந்துவிடுங்கள். போதையைத் திடீரென்று நிறுத்தினால் வரும் நடுக்கம், வலிப்பு இவற்றை மருத்துவர் பார்க்க வேண்டும் என்பதால் நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தம்பி மேல் வழக்கு இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். 64ஏ கேட்பது தானாக முன்வந்து எடுக்கும் சிகிச்சை. அங்கீகாரமில்லாத இடத்தின் சான்றிதழ் கோர்ட்டில் செல்லாது.

ஹெராயின் பழக்கம் உள்ள என் கணவர் எட்டு மாதம் சிறையில் இருந்துவிட்டு அடுத்த வாரம் வருகிறார். உள்ளே தொடவே இல்லையாம். இனி பயமில்லைதானே? – சென்னை

மன்னியுங்கள், நீங்கள் பயப்பட வேண்டிய நேரமே இதுதான். எட்டு மாதத்தில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும். பழைய நினைப்பில் பழைய அளவை ஏற்றினால் மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007-இல் ஓர் ஆய்வு வெளியானது. முதல் இரண்டு வாரத்தில் அவர்கள் போதை மிகுந்து சாகும் அபாயம் மற்றவர்களைவிட 129 மடங்கு. அவர் வந்த அன்றே மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் போன்ற மாத்திரைகள் உண்டு. "ஒரு போதைக்கு இன்னொரு போதையா" என்று உறவினர்கள் சொல்வதைக் காதில் வாங்காதீர்கள்.

பாவம் பார்த்துத்தான் அமெரிக்காவில் ஒரு மாநிலம் கெட்டுப்போனது. நீங்களும் அதையே சொல்கிறீர்கள். – ஓய்வுபெற்ற ஆசிரியர், திருச்சி

ஓரிகனைச் சொல்கிறீர்கள் சார். 2020-இல் வாக்கெடுப்பு நடத்தி, சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 100 டாலர் அபராதச் சீட்டு, ஓர் எண்ணுக்குப் போன் செய்தால் அதுவும் தள்ளுபடி. போன் செய்தவர்கள் மிகக் குறைவு. சிகிச்சை இடங்களும் நேரத்துக்கு வரவில்லை. 2024 செப்டம்பரில் மறுபடி குற்றமாக்கிவிட்டார்கள். மறைக்க ஒன்றுமில்லை, தோற்றதுதான்.

ஆனால் போர்ச்சுகல் 2001-இலேயே இதே போலக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தது. அங்கே பிடிபட்டவர் கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவதில்லை. சட்டம், மருத்துவம், சமூகப்பணி தெரிந்தவர்கள் அடங்கிய ஒரு குழுவின் முன் அவர் நேரில் போய் உட்கார வேண்டும். சிகிச்சைக்கான ஏற்பாட்டையும் கூடவே வளர்த்தார்கள். விற்பவருக்கு அங்கேயும் ஜெயில்தான். அதை நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நம் சட்டமும் ஒரே இடத்தில் நிற்கவில்லை சார். 1985-இல் வந்தபோது ஹெராயின் வழக்கென்றால் பெரும்பாலும் குறைந்தது பத்தாண்டு. 2001 திருத்தத்தில்தான் அளவுக்கு ஏற்ற தண்டனை வந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தால் போலீஸ் வருமா? – பெயர் வேண்டாம்

வராது. போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கான உதவி எண் 14446-க்கு யாரும் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் சிகிச்சை விவரத்தை மருத்துவர் ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017 சட்டமே சொல்கிறது. பேசுங்கள்.