பட்டன் பேட்டரி: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: திருவிழாக் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கிய ஒளிரும் பொம்மையின் மூடி அன்றிரவே கழன்று, மூன்று பட்டன் பேட்டரிகளும் பாயில் சிதறிவிட்டன. கடைக்காரர் திரும்பப் பெற மறுக்கிறார். பில்லும் தரவில்லை. - வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. 2021 ஜனவரி முதல் இத்தகைய பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம்; அது இல்லாமல் விற்றிருந்தால் விற்றதே குற்றம். பில் தராததும், குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக நடைமுறைகள். பொம்மையையும் மூடியையும் சாட்சியமாகப் பத்திரப்படுத்திவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். 80 ரூபாய்க்கு இவ்வளவு பாடா என்று கேட்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய எல்.இ.டி. ஸ்ட்ரிப் லைட்டின் ரிமோட்டிலிருந்து பேட்டரித் தட்டை என் இரண்டு வயது மகளே உருவிவிடுகிறாள். இது பெரிய விஷயமா? - வாசகர், ஓசூர்

பதில்: பெரிய விஷயம்தான். அட்டை போன்ற அந்த ரிமோட்டின் அடியில் இருக்கும் சிறு நாக்கை நகத்தால் அழுத்தி இழுத்தால் தட்டு வெளியே வந்துவிடும். அதில் பெரும்பாலும் சி.ஆர். 2025 வகைப் பேட்டரி இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் அதன் விட்டத்தை, அதாவது 20 மில்லிமீட்டரைக் குறிக்கின்றன. சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்வதற்கு ஏற்ற அளவு அதுவே. பொம்மைகளுக்கான ஐ.எஸ்.ஐ. உத்தரவு ரிமோட்டுக்குப் பொருந்தாது. ஆனால் கையில் கிடைப்பது பொம்மையா ரிமோட்டா என்று பார்த்தா குழந்தை வாயில் வைக்கிறது? ஆஸ்திரேலியா 2022 ஜூன் முதல், பட்டன் பேட்டரியில் இயங்கும் வீட்டுப் பொருட்கள் அனைத்துக்கும் எளிதில் திறக்க முடியாத மூடியைக் கட்டாயமாக்கியது. டெக்சாஸில் ரீஸ் என்ற குழந்தை பட்டன் பேட்டரியை விழுங்கி இறந்ததையடுத்து அமெரிக்காவும் அதே ஆண்டில் ‘ரீஸ் சட்டம்’ இயற்றியது; அதன்கீழ் வந்த விதி, கருவி கொண்டோ இரண்டு தனித்தனி அசைவுகளை ஒரே நேரத்தில் செய்தோ மட்டுமே திறக்கும்படி மூடி இருக்க வேண்டும் என்றது. ஒரு திருகுக்கு எவ்வளவு செலவாகிவிடும்? நான் வாங்கிய சமையலறைத் தராசின் மூடி, தராசைத் தூக்கினாலே கழன்று விழுகிறது. விற்பனைப் பக்கத்தில் அத்தனை படங்கள் இருந்தும் அடிப்பக்கத்தைக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை, கேட்டதற்குப் பதிலும் இல்லை. ரிமோட்டைத் திருப்பி அனுப்புங்கள்; முடியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மொத்த விலையில் 25 பட்டன் பேட்டரிகள் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்கி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துக்கொள்ளலாமா? வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை உண்டு. - வாசகர், சேலம்

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

கேள்வி: தீர்ந்துபோன பேட்டரிகளை மேசை இழுப்பறையில் போட்டுவைக்கிறேன். அவற்றால் ஆபத்தில்லைதானே? - வாசகர், நாகர்கோவில்

பதில்: ரிமோட்டை இயக்கப் போதாத மின்சாரம் தொண்டையைப் பொசுக்கப் போதும். இரு பக்கமும் டேப் ஒட்டி, இன்றே மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: பேத்தி காசை விழுங்கியபோது வாழைப்பழம் கொடுத்தோம், மறுநாள் வெளியே வந்துவிட்டது. பட்டன் பேட்டரிக்கும் அப்படித்தானே? - வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. உணவுக்குழாயின் ஈரச் சதை பேட்டரியின் இரு முனைகளையும் இணைத்துவிடுவதால் மின்சாரம் பாய்கிறது; எதிர்முனையருகே சதையை அரிக்கும் காரப்பொருள் உருவாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதை வெந்துவிடக்கூடும். எச்சில் வடிதல், இருமல், சாப்பிட மறுத்தல் ஆகியவை சளித் தொல்லை போலவே தோன்றும். சில குழந்தைகளிடம் எந்த அறிகுறியும் இராது. சந்தேகம் எழுந்தாலே 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உணவு கொடுக்காதீர்கள். குழந்தை ஒரு வயதைத் தாண்டியதாகவும், விழுங்கி 12 மணி நேரம் ஆகாததாகவும் இருந்து, தேனும் கையில் இருந்தால், போகும் வழியில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை 10 மில்லிலிட்டர் வீதம் ஆறு முறை வரை கொடுக்கலாம். தேனைத் தேடிப் புறப்பாட்டைத் தாமதிக்கக் கூடாது. எக்ஸ்ரேயில் காசும் பேட்டரியும் ஒன்றுபோல் தோன்றக்கூடும், பேட்டரியின் ஓரத்தில் இரட்டை வளையம் தெரியும் என்பதே வேறுபாடு. ஆகவே பேட்டரியாக இருக்கலாம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டு, அது வந்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.