முகர்ந்துவிட்டுப் போகிற நாயும் மூன்று பாக்கெட் உலர் உணவும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு இரண்டு வயது, எடை 25 கிலோ. கருத்தடை செய்தாயிற்று. குட்டியாக வந்ததிலிருந்து எலும்பில்லாத சிக்கனும் சோறும்தான். உலர் உணவுக்கு மாற்றும்படி டாக்டர் சொல்கிறார். இதுவரை மூன்று கம்பெனி பாக்கெட் வாங்கிவிட்டோம். முதல் நாள் ஆசையாகத் தின்கிறான். மூன்றாம் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறான். மனசு கேட்காமல் சாயங்காலம் சிக்கன் வேகவைத்துப் போட்டுவிடுகிறோம். அடுத்து எந்த பிராண்ட் வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்காதீர்கள். வீட்டில் இருக்கும் மூன்றில் அவன் நன்றாகச் செரித்த ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பிடித்த உணவு மூன்றாம் நாளில் ருசி கெட்டுவிடவில்லை. காலையில் தட்டை ஒதுக்கினால் சாயங்காலம் சிக்கன் வரும் என்பதை அவன் கண்டுகொண்டான், அவ்வளவுதான். நீங்களும் ஒரு நாள்கூட அவனை ஏமாற்றவில்லை.

டாக்டர் சொல்வதற்குக் காரணம் உண்டு. சோற்றிலும் எலும்பில்லாத கறியிலும் கால்சியம் மிகக் குறைவு, கறியில் பாஸ்பரஸ் அதிகம். வளரும் குட்டிக்கு இதையே மாதக்கணக்கில் போட்டால் கால் வளையும். வளர்ந்த நாயில் பாதிப்பு மெதுவாகத் தெரியும்.

முதலில் அவனுக்கு எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். ‘தின்னவே மாட்டேன் என்கிறது’ என்று சொல்லப்படும் பல நாய்கள் தேவையான அளவைத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. சாதாரண கால்குலேட்டர் போதும். எடையை மூன்று முறை பெருக்குங்கள்: 25 × 25 × 25 = 15,625. வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் 11.18 வரும். அதை 70-ஆல் பெருக்கினால் 783. கருத்தடை செய்த, வளர்ந்த நாய் என்பதால் மேலும் 1.6-ஆல் பெருக்குங்கள். நாளுக்குச் சுமார் 1,250 கலோரி. 100 கிராமில் 350 கலோரி உள்ள உலர் உணவு என்றால் 360 கிராம், வேளைக்கு 180 கிராம். இது தொடக்கக் கணக்குதான். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் கூட்டிக் குறைக்க வேண்டும். டம்ளரால் அளக்காதீர்கள். உலர் உணவு உருண்டையின் அளவைப் பொறுத்து ஒரே டம்ளரில் 80 கிராமும் பிடிக்கும், 120 கிராமும் பிடிக்கும். சமையலறைத் தராசில் நிறுங்கள்.

அடுத்து, கணக்கில் வராத தீனி. உதாரணத்துக்கு, காலையில் தாத்தாவின் காபியோடு நான்கு மேரி பிஸ்கட் (சுமார் 100 கலோரி), டிபன் நேரத்தில் இரண்டு இட்லி (110), ராத்திரி ஒரு டம்ளர் பால் (115). மொத்தம் 325. ஒரு நாள் தேவையில் கால்வாசிக்கும் மேல் தட்டுக்கு வெளியிலேயே உள்ளே போய்விடுகிறது. தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் நாய்க்கு 125 கலோரி. ஐந்து மேரி பிஸ்கட்டோடு அன்றைய கோட்டா முடிந்தது.

இனி மாற்றும் முறை. பாக்கெட்டில் 7 நாள் என்று போட்டிருக்கும். அது ஒரு உலர் உணவிலிருந்து இன்னொன்றுக்கு மாற. சிக்கன் சோற்றிலிருந்து வர இரண்டு வாரம் வையுங்கள். முதல் மூன்று நாள் வேளைக்கு 45 கிராம் உலர் உணவு, பழைய சாப்பாட்டில் கால்வாசி குறையும். 4 முதல் 7-ஆம் நாள் வரை 90 கிராம், பழையது பாதி. 8 முதல் 11 வரை 135 கிராம். 12-ஆம் நாளிலிருந்து 180 கிராம்.

பெரும்பாலும் காரியம் கெடுவது கலப்பதில்தான். சோற்றின் மேல் உருண்டைகளைத் தூவி வைத்தால் கறியை மட்டும் நக்கி எடுத்துவிட்டு உருண்டைகளைத் தட்டைச் சுற்றி அழகாக அடுக்கி வைத்துவிடும். அதனால் உருண்டை மூழ்கும் அளவு வெதுவெதுப்பான நீர் விட்டு 10 முதல் 15 நிமிடம் ஊறவிடுங்கள். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். கொதிநீர் விட்டால் சில வைட்டமின்கள் வீணாகும். ஊறியதைக் கரண்டியால் மசித்து, நாராகப் பிய்த்த சிக்கனோடும் சோற்றோடும் கையால் பிசைந்து வையுங்கள். பிரித்தெடுக்க வழி இருக்கக் கூடாது. முழுக்க மாறிய பிறகு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து உலர்ந்த உருண்டைக்கு வரலாம். வராவிட்டாலும் குற்றமில்லை, ஆயுசுக்கும் நனைத்தே போடலாம். ஆனால் நனைத்ததை நம் ஊர் வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தட்டில் விடாதீர்கள்.

தட்டை வைத்தால் 20 நிமிடம். மீதி இருந்தால் எடுத்துவிடுங்கள். கெஞ்சுவது, கையால் ஊட்டுவது, தட்டின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எதுவும் வேண்டாம். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். இரண்டாம் மூன்றாம் நாள் நிலைமை மோசமாகும்: தட்டைக் கவிழ்ப்பான், ஃப்ரிட்ஜ் முன்னால் போய் நிற்பான், பாட்டியின் முகத்தையே பார்ப்பான். அப்போது ஒரு துண்டு சிக்கன் கொடுத்தால் ‘இன்னும் கொஞ்சம் அடம்பிடித்தால் கிடைக்கும்’ என்று கற்றுக்கொடுத்ததாக ஆகும். பாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். இந்த இரண்டு வாரத்தின் தலைவிதி அவர் கையில்.

மலம் இளகினால் முந்தைய அளவுக்கு இறங்கி இரண்டு நாள் நில்லுங்கள். கோடையில் தட்டை விடிகாலை 6 மணிக்கும் இரவு 8 மணிக்குப் பிறகும் வையுங்கள். உச்சிவெயிலில் எந்த நாய்க்கும் பசி மந்தம்தான். முழுதாக 24 மணி நேரம் எதையும் தொடவில்லை என்றால் பிடிவாதம் என்று விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டி, பொமரேனியன் போன்ற சின்ன ஜாதி, சர்க்கரை நோயுள்ள நாய், வயதான நாய் ஆகியவற்றிடம் இந்தத் தட்டெடுக்கும் முறையே வேண்டாம். குட்டிகளுக்கும் சின்ன ஜாதிகளுக்கும் பட்டினியில் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

கேள்வி: ஒரு பாக்கெட் கிலோ 250 ரூபாய், இன்னொன்று 400. விலை கூடியதைத்தான் நாய் தின்னுமா?

பதில்: ருசிக்கும் விலைக்கும் நேரடிச் சம்பந்தமில்லை. கிலோ விலையை ஒப்பிடுவதும் சரியான கணக்கில்லை, ஏனென்றால் நாய் தின்பது கலோரியை. பாக்கெட்டில் கலோரி போடவில்லை என்றால் நீங்களே கணக்கிடலாம். புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 10 சதவீதம் என்று போட்டிருக்கிறது என வைத்துக்கொள்வோம். சாம்பல் சத்து (தாது உப்புகள்) பெரும்பாலும் போட மாட்டார்கள், 8 என்று எடுத்துக்கொள்ளுங்கள். நூறில் மீதி 47 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும், கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் 100 கிராமுக்குச் சுமார் 320 கலோரி.

250 ரூபாய் பாக்கெட்டில் இந்த 320-உம், 400 ரூபாய் பாக்கெட்டில் 400 கலோரியும் இருந்தால், 1,000 கலோரிக்கு முதலாவது 78 ரூபாய், இரண்டாவது 100 ரூபாய். கிலோ விலையில் 60 சதவீதமாகத் தெரிந்த வித்தியாசம் 28 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. ஒன்று கவனியுங்கள்: கலோரி கூடிய உணவில் தட்டு பாதி காலியாகத் தெரியும். ‘குறைவாகத் தின்கிறதே’ என்ற புகார் பல வீடுகளில் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

பாக்கெட்டின் பின்பக்கம் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்ற வரி இருக்கிறதா, எந்த வயதுக்கு என்று சொல்கிறதா என்று பாருங்கள். ‘காம்ப்ளிமென்டரி’, ‘டிரீட்’ என்று இருந்தால் அது தின்பண்டம், முழுச் சாப்பாடு இல்லை. புது உணவு என்றால் முதலில் 400 கிராம் பாக்கெட், அதுதான் சிக்கனம்.

கேள்வி: எங்கள் தெரு பெட் ஷாப்பில் 20 கிலோ மூட்டையைப் பிரித்து லூசில் கொடுக்கிறார்கள், விலையும் குறைவு. ஆனால் சில தடவை ‘பெடிகிரி’யை வாயிலேயே வைப்பதில்லை. ஏன்?

பதில்: (எந்தக் கம்பெனி உணவும் நம் வீடுகளில் ‘பெடிகிரி’தான், அது இருக்கட்டும்.) உருண்டையை வேகவைத்து உலர்த்திய பிறகு அதன் மேல் கொழுப்பையும் மணத்துக்கான சாறையும் தெளிக்கிறார்கள். நாயை இழுப்பது அந்த மேல்பூச்சின் வாசனைதான். நாயின் நாக்கில் சுவை அரும்புகள் சுமார் 1,700, நமக்கு 9,000. மூக்கு சம்மதித்தால்தான் வாய் திறக்கும். மூட்டை திறந்தே கிடந்தால் முதலில் காற்றுபட்டுச் சிக்கலடிப்பது (கெட்டுப்போன எண்ணெய் வாடை அடிப்பது) அந்தக் கொழுப்புதான். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்து முகருங்கள். பழைய எண்ணெய்ச் சட்டி, பெயின்ட், மெழுகு கிரேயான் வாடை அடித்தால் நாய் சொல்வதுதான் சரி. மழைக்காலத்தில் இன்னொரு அபாயமும் உண்டு: ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். பூஞ்சை வாடை வந்தால் கழுவிக் காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

லூசில் வாங்கும்போது தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுகின்றன. மூட்டை என்று திறந்தது என்றும் தெரியாது. கடைக்காரர் முன்கூட்டியே பொட்டலம் கட்டி அடுக்கியிருந்தால், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதன் மேல் தயாரிப்பாளர் அல்லது பொட்டலமிட்டவரின் முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதம், வருடம் எல்லாம் இருக்க வேண்டும்.

திறந்த பின் நான்கு, மிஞ்சினால் ஆறு வாரத்தில் தீரும் அளவு வாங்குங்கள். நாளுக்கு 360 கிராம் தின்னும் லேப்புக்கு 10 கிலோ மூட்டை 28 நாளில் தீரும், சரி. 107 கிராம் தின்னும் 5 கிலோ நாய்க்கு அதே மூட்டை மூன்று மாதம் கிடக்கும். அதற்கு 3 கிலோ பைதான் அளவு. உருண்டைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொட்டாமல் பையோடு டப்பாவுக்குள் வையுங்கள். டப்பாவின் சுவரில் படியும் பழைய கொழுப்பு புதிய மூட்டையையும் கெடுக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் உள்ளே ஈரம் கோக்கும்.

கேள்வி: மேலே கிரேவி பவுச், கருவாட்டுத் தூள், சூப் க்யூப் இதில் எதைக் கலக்கலாம்?

பதில்: க்யூபும் கருவாடும் வேண்டாம். க்யூபில் உப்போடு பெரும்பாலும் வெங்காயம், பூண்டுத் தூள் இருக்கும். இரண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாம்பார், குழம்பு ஊற்றக் கூடாது என்பதும் அதனால்தான். கருவாட்டில் உப்பு மிக அதிகம். கோழிக்கால்களை உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்து, எலும்பு ஒன்று விடாமல் வடிகட்டி, ஆறியதும் மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு ஐஸ் டிரேயில் ஊற்றி வையுங்கள். வேளைக்கு ஒரு கட்டியை வெந்நீரில் கரைத்துப் பிசறினால் போதும். ஒரு ஸ்பூன் தயிரும் நல்லதே. கிரேவி பவுச்சில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 70 கிராம் பவுச்சில் தோராயமாக 60 கலோரிதான். மணத்துக்கு ஒரு ஸ்பூன் சரி, வயிற்றை நிரப்ப அதை நம்பினால் பர்ஸ் தாங்காது.

கேள்வி: எட்டு வயது நாட்டு நாய். இத்தனை வருடம் உலர் உணவு தின்றது, இப்போது வாயில் எடுத்துக் கீழே போடுகிறது.

பதில்: இது அடமில்லை, வலி. ஆசையாக வந்து, கவ்வி, நழுவவிட்டால் பல் உடைந்திருக்கலாம், ஈறு வீங்கியிருக்கலாம். ஒரே பக்கமாக மெல்கிறதா, எச்சிலில் ரத்தம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள். நன்றாகத் தின்றுகொண்டிருந்த நாய் திடீரென்று விட்டால் பாக்கெட்டை மாற்றுவதற்கு முன் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்து, உடம்பும் சுட்டால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நம் ஊரில் அது சர்வசாதாரணம், ரத்தப் பரிசோதனை அன்றைக்கே வேண்டும். கருத்தடை செய்யாத பெண் நாய், சூடு (இணைசேரும் பருவம்) முடிந்த சில வாரங்களில் சாப்பாட்டை வெறுத்து நிறையத் தண்ணீர் குடித்தால் கர்ப்பப்பைச் சீழாக இருக்கலாம். அதற்கு மறுநாள் என்ற பேச்சே கிடையாது.

கேள்வி: பூனைக்கும் தட்டெடுக்கும் முறை சரியா?

பதில்: கூடவே கூடாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே பூனையின் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

கேள்வி: நாய் தொடாத 3 கிலோ பையைக் கடையில் திருப்பித் தரலாமா? ‘விற்ற பொருள் வாபஸ் இல்லை’ என்று போர்டு தொங்குகிறது.

பதில்: நாய்க்குப் பிடிக்கவில்லை என்பது பொருளின் குறை ஆகாது, கடைக்காரர் நல்ல மனதோடு வாங்கிக்கொண்டால் உண்டு. பை திறந்தபோதே சிக்கலடித்தது, பூச்சி இருந்தது, காலாவதியாகியிருந்தது என்றால் போர்டு செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக முறை. பில் தர மறுப்பதும் அப்படியே.

பையைத் திறந்த அன்றே தொகுதி எண், தேதி, உள்ளிருக்கும் பொருள் மூன்றும் தெரியப் படம் எடுங்கள். பையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு கிண்ணம் அளவாவது உள்ளே விட்டு இறுக்கக் கட்டி வையுங்கள். கடையில் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்: பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.