அருவி ஆற்றில் அருவி எங்கே?

அன்பின் அக்காவுக்கு,

வவுனியாவில் பிறந்து, பத்து வயதில் நாட்டை விட்டுப் போனவன் நான். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். வருகிற ஆடியில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊருக்கு வருகிறோம். மகளுக்குப் பன்னிரண்டு வயது, மகனுக்கு ஒன்பது. வன்னிக்கென்று நான்கு நாட்கள் ஒதுக்கியிருக்கிறேன். இணையத்தில் தேடினால் மடு, திருக்கேதீச்சரம், அரிப்பு டொரிக் மாளிகை, மன்னார்ப் பெருக்கமரம் என்று நான்கு பெயர்கள் வருகின்றன. ஒன்றுக்கும் மற்றதற்கும் என்ன தொடர்பு என்று தெரியவில்லை. வவுனியாவில் உள்ள உறவினர்களோ, "வன்னியில் பார்க்க என்ன இருக்கிறது, காடும் குளமும்தானே, பிள்ளைகளை நுவரெலியாவுக்குக் கூட்டிக்கொண்டு போ" என்கிறார்கள். வரைபடத்தில் அருவி ஆறு என்ற பெயரைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, அருவி எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஆற்றோரமாகவே போய் இயற்கையையும் பழைய இடங்களையும் பார்க்க ஒரு வழி சொல்வீர்களா?

கி., ஸ்காபரோ

அன்பின் தம்பிக்கு,

மகளின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அருவி ஆற்றில் அருவி இல்லை. றிட்டிகல மலைப்பக்கத்தில் பிறந்து, அநுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு, 164 கிலோமீட்டர் ஓடி, அரிப்பு என்ற கடலோர ஊருக்கு அருகே கடலில் சேர்கிறது. மகாவலிக்கு அடுத்து இலங்கையின் நீளமான ஆறு இதுதான். சிங்களவர்கள் மல்வத்து ஓயா என்பார்கள், மலர்த்தோட்ட ஆறு. வன்னிக்குள் வந்த பிறகு நிலம் தட்டை. ஆறும் ஆறுதலாகத்தான் நடக்கிறது. தண்ணீர் கல்லில் விழுந்து சத்தம் போடுகிற இடம் என்று நான் காட்டக்கூடியது தேக்கம் என்ற பழைய அணை ஒன்றைத்தான். அதையும் கட்டியது மனிதர்கள். மகளை முதலில் அங்கே கூட்டிச் செல்லுங்கள்.

உங்கள் உறவினர்கள் சொன்ன "காடும் குளமும்தானே" என்பதில் அந்தத் "தானே" எனக்கு வலிக்கிறது. குறை சொல்லவில்லை, அங்கேயே வாழ்கிறவர்களுக்கு அது தினமும் கண்ணில் படுகிற காட்சி. ஆனால் நீங்கள் எழுதிய நான்கு பெயர்களில் மூன்றைக் கோத்துத் தருவதே அந்தக் காடும் குளமும்தான். பெருக்கமரம் மன்னார்த் தீவில் நிற்கிறது, நேரம் மிஞ்சினால் பாருங்கள். மற்ற மூன்றையும் பட்டியலாகப் பார்த்தால் ஒரு தேவாலயம், ஒரு கோயில், ஓர் இடிந்த சுவர். தண்ணீர் போகிற வழியே போனால் ஒரே நாட்டின் கதை.

வவுனியாவிலிருந்து செட்டிகுளம் ஊடாகப் பறையனாலங்குளத்துக்கு வந்து மன்னார் வீதியில் ஏறுங்கள். தேக்கத்துக்குப் போகும் வழியை மடுவீதியிலோ முருங்கனிலோ விசாரித்து, ஊரவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்குக் குறுக்கே உளிபட்ட கற்களை அடுக்கிக் கட்டிய பழைய அணை அது. கற்களின் மேல்முகம், எத்தனையோ மாரிகளின் வெள்ளம் போனதில், கை வைத்தால் உள்ளங்கையில் வழுக்கும் அளவுக்குத் தேய்ந்திருக்கிறது. ஆற்றை முழுவதுமாக மறிப்பது இந்த அணையின் வேலை அல்ல. தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, பக்கத்து வாய்க்காலுக்குள் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் தலைக்கு மேலால் ஆற்றுக்கே விட்டுவிடுகிறது. திருப்பிய தண்ணீர் காட்டுக்குள்ளால் மெல்லிய சரிவில் போய்க் கட்டுக்கரைக் குளத்தில் இறங்குகிறது. சரிவு கூடினால் வாய்க்கால் கரையை அரித்துவிடும், குறைந்தால் வண்டல் படிந்து தூர்ந்துவிடும். இன்றைய அளவைக் கருவிகள் இல்லாத காலத்தில் இந்தக் கணக்கை யாரோ கண்ணாலும் காலாலும் அளந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வாய்க்கால் கரையில் நிற்கும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

கட்டுக்கரையைத் தேடிப் போகவே தேவையில்லை, மன்னார் வீதி அதன் கட்டோரமாகத்தான் போகிறது. ஆங்கிலேயர் இராட்சதக் குளம் என்று பெயர் வைத்தார்கள். பரப்புத்தான் அப்படி, ஆழம் குறைவு. 1954 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீருக்குள் பட்டுப்போய் நிற்கும் மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருக்கும். வாகனங்களில் போகிறவர்கள் பத்து நிமிடம் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். நீங்கள் கட்டின் மறுபக்கம் இறங்குங்கள். துருசு என்கிற மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து சிறு குளங்கள், அவற்றிலிருந்து வயல்கள். மன்னார்ப் பெருநிலத்தின் நெல் பெரும்பாலும் இந்தத் தண்ணீரில்தான் விளைகிறது.

சென்ற காலபோகத்தில், மாரிமழையோடு செய்யும் பெரிய நெற்போகத்தில், ஒரு காலை அங்கே நின்றிருந்தேன். கமக்காரர் ஒருவர் சைக்கிளைக் கரையில் சாய்த்துவிட்டு இறங்கினார். வாய்க்கால் ஓரத்தில் மண்வெட்டியால் ஒரே கொத்து, அந்த மண்கட்டியைப் புரட்டி எதிர்ப்பக்கத்தில் வைத்துக் காலால் மிதித்தார். அதுவரை நேராக ஓடிய தண்ணீர் சற்றுத் தயங்கி, அவருடைய வயலுக்குள் திரும்பியது. முன்னால் காய்ந்த சருகுகளும் ஒரு வெண்ணிற நுரைக்கோடும் போக, பின்னால் தண்ணீர் போனது. "எத்தனை மணிவரை உங்கள் முறை?" என்று கேட்டேன். "பத்து மணிக்கு அடைக்க வேண்டும். இல்லையென்றால் வட்டவிதானையார் வந்து நிற்பார்" என்றார். வயல்களுக்குத் தண்ணீர் முறையைப் பார்த்துக்கொள்பவர் அவர். தேக்கத்தின் கல்லும், வாய்க்காலும், வட்டவிதானை என்ற பதவியும், பத்து மணி என்ற கட்டுப்பாடும் சேர்ந்ததுதான் நான் சொல்லுகிற மரபு. எங்கள் சுற்றுலாப் பலகைகளில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதை எழுதும்போதே மனம் பொறுக்கவில்லை.

இந்தக் குளத்தின் அயலில்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் அகழ்வாய்வு நடந்தது. மண்ணுக்குள்ளிருந்து சுடுமண் உருவங்கள் வந்தன. இன்றும் வன்னியில் குளக்கட்டில் ஒரு பிள்ளையாரோ ஐயனாரோ இல்லாத ஊரைக் காண்பது அரிது. அந்தச் சிறு கோயில்களைக் கடந்து போகும்போது பிள்ளைகளை இறக்கிக் காட்டுங்கள்.

இனி மரங்கள். ஆற்றங்கரையில் வெளிறிய வழுவழுப்பான தண்டோடு, பட்டை சிம்பு சிம்பாக உரிந்து நிற்பது மருது. தண்ணீரின் ஓரத்திலேயே வேர் பிடிக்கும் மரம். மடுத் தேவாலயம் இருக்கும் இடத்தின் முழுப்பெயரான மருதமடுவிலேயே அந்த மரமும், மடு என்கிற நீர்ப்பள்ளமும் இருக்கின்றன. 1670 இல் பழைய துறைமுக ஊரான மாந்தையிலிருந்து ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடிய கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதாவின் சொரூபத்தைச் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தது அந்தக் காட்டுக்குத்தான். ஆற்றை விட்டு உள்ளே போனால் வீரை, முதிரை, பாலை. ஆடியில் வருகிறீர்கள், பாலைப்பழத்தின் கடைசிப் பருவம் கிடைத்தாலும் கிடைக்கும். விரல்நுனி அளவு மஞ்சள் பழம், நல்ல இனிப்பு. நாலு பழம் தின்றதும் பால் உதட்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். மகன் வாயைத் திறக்க முடியவில்லை என்று முறையிடுவான், பயப்பட வேண்டாம்.

இந்த ஆற்றைப் பற்றி எழுதியவர்களுள் என் மனத்தில் நிற்பவர் றொபேட் நொக்ஸ். 1660 இல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி அரசனிடம் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்த ஆங்கிலேயர். 1679 இல் ஒரு தோழருடன் தப்பியபோது அவருக்குத் தெரிந்த ஒரே வழிகாட்டி இந்த ஆறு. அநுராதபுரத்திலிருந்து ஆற்றோரமாகவே யானைக் காட்டுக்குள் நடந்து, வன்னித் தலைவர்கள் ஆண்ட வன்னிமையின் எல்லையைக் கடந்து, அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். தமிழர் நாட்டின் தலைவன் கைலை வன்னியன் என்பதையும் எழுதிவைத்தார். ஆள் கண்டால் உயிர் போகும் என்ற நிலையிலும், ஆற்றின் கரைகளில் நிமிர்ந்து நின்ற கற்றூண்களையும் செதுக்கிய கற்குவியல்களையும் பார்த்து, முன்பு இங்கே கட்டடங்கள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணியிருக்கிறார். இரவில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, மறுநாள் அரிப்புக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

நானாட்டான் பக்கமிருந்து போனால் பாலத்தில் ஆற்றைக் கடப்பீர்கள். ஆடியில் அங்கே தண்ணீரைவிட மணலே அதிகம் தெரியும். அந்த மணலுக்கு அடியில்தான் கோடையில் ஆறு உயிரோடு இருக்கிறது. ஆற்று மணலை வரைமுறையின்றி ஏற்றிச் செல்லும்போது அயல் கிணறுகளும் சேர்ந்து வற்றுகின்றன, கடல் பக்கத்து உப்புநீர் உள்ளே ஏறுகிறது. இதை விளையாட்டாக எடுக்க என்னால் முடியாது. அணை கட்டியவர்கள் ஆற்றிலிருந்து தேவைக்கு எடுத்து மிச்சத்தை விட்டார்கள் என்பதை இப்போதுதான் தேக்கத்தில் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

டொரிக் மாளிகை, முதலாவது ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காக 1801 க்கும் 1804 க்கும் இடையில் கட்டியது. செங்கல்லும் சுண்ணாம்பும். கடல் அதன் அடியை அரித்துக்கொண்டே இருக்கிறது, சுவர்களுக்கு மிக அருகில் பிள்ளைகளை விட வேண்டாம்.

திருக்கேதீச்சரத்தைக் கடைசி நாளுக்கு வையுங்கள். சுந்தரர் பாலாவிக் கரைமேல் வைத்துப் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்த பின் நீண்ட காலம் காட்டுக்குள் கிடந்து மீண்டும் எழுந்தது. அதைச் சுற்றியுள்ள மேடுதான் மாந்தைத் துறைமுகம். 1980களின் தொடக்கத்தில் தோண்டியபோது சீனத்துப் பீங்கானும் மேற்காசியப் பாண்டங்களும் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. கப்பல்கள் வந்து தங்க வேண்டுமானால் துறையில் சோறு வேண்டும். கட்டுக்கரை வயல்களைப் பார்த்துவிட்டு மாந்தைக்கு வந்தால், இத்தனை பெரிய துறைக்கு நெல் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

நிறைந்த குளமும் வலசைப் பறவைகளும் வேண்டுமானால் மார்கழி, தைதான் காலம். ஆனால் ஆடியைத் தள்ளிப்போட வேண்டாம். வெள்ளம் இல்லாதபோதுதான் தேக்கத்தின் கற்கள் அடிவரை தெரியும். ஆவணியில் மடுத் திருவிழா, ஆகஸ்ட் 15 ஐ ஒட்டிய நாட்களில் வீதி முழுவதும் சனம், அதற்கு முன்பே வந்துவிடுங்கள். மாலை நான்கு மணிக்குப் பிறகு காட்டுப்பாதையில் நிற்க வேண்டாம், யானை வரும். மிதிவெடி எச்சரிக்கைப் பலகை எங்கே கண்டாலும், எவ்வளவு பழையதாக இருந்தாலும், அதைத் தாண்டி ஓரடிகூட வைக்க வேண்டாம்.

புறப்படும் திகதி முடிவானதும் எழுதுங்கள். நான் ஊரில் இருந்தால் தேக்கம்வரை கூட வருகிறேன். பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், பாசியில் வழுக்கும். வெறுங்காலோடு, கையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம்.

அன்புடன்,
அக்கா