மடக்குக் கயாக்கை முதல்முறை எங்கே இறக்குவது?

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மடித்தால் சூட்கேஸ் அளவுக்கு வந்துவிடும் பிளாஸ்டிக் கயாக் (துடுப்பால் ஓட்டுகிற ஒல்லிப் படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். பத்து நிமிடத்தில் விரித்துப் பூட்டிவிடலாம் என்கிறார்கள். நீச்சல் சுமாராகத் தெரியும். முதல் தடவை மோர்தானா அணையில் இறக்கலாமா, ஊர் ஏரியே போதுமா? கவிழ்ந்தால் என்ன செய்வது?"

மோர்தானா இப்போதைக்கு வேண்டாம். மலைக்கு நடுவே கட்டிய அணை, நிரம்பினால் 11.5 மீட்டர் ஆழம், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப்போனாலே கால் எட்டாது. சுற்றிலும் காடு, யானை வந்துபோகிற பகுதி வேறு. அனுமதி கிடைத்தாலும் புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவருக்கு அது இடமில்லை. ஊர் ஏரிக்கே போங்கள், ஆனால் எந்த ஏரி, அதில் எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

நம் ஏரிகளில் கரையை ஒட்டி, குறிப்பாக மதகுப் பக்கம்தான் ஆழம் அதிகம். தண்ணீர் வந்து சேருகிற உள்வாய்ப் பக்கம் போகப்போகத்தான் ஆழமாகும், அதனால் இறங்க வேண்டியது அங்கே. சேறு இருக்கும், பரவாயில்லை. பயப்பட வேண்டியது மண் அள்ளிய பள்ளங்களுக்கு. முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே இருப்பீர்கள், அடுத்த அடியில் ஆளையே முழுங்குகிற குழி இருக்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது, ஏரியில் குளிக்கப் போன பிள்ளைகள் இறந்த செய்திகள் பலவற்றில் இந்தப் பள்ளம்தான் வருகிறது. அதனால் கோடையில் வற்றிக் கிடந்தபோது நீங்கள் நடந்து பார்த்த ஏரியாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆடு மாடு மேய்க்கிறவர்களையும் மீன் பிடிக்கிறவர்களையும் கேட்டுவிட்டு, நீளமான கழியால் குத்திப் பார்த்துக்கொண்டே இறங்குங்கள். மதகு திறந்திருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள், உள்ளே இழுக்கும். ஏரி நிரம்பிக் கோடி போகிற நாளில், உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல் பக்கமும் அப்படித்தான். பாலாற்றில் வெள்ளம் வந்தால் படகோடு ஓடுகிற ஆசையும் வேண்டாம், தடுப்பணைக்குக் கீழே சுழலுகிற தண்ணீர் லைஃப் ஜாக்கெட் போட்டவரையும் விடாது.

அப்புறம், அந்தப் பத்து நிமிடம். பழகினவருக்கு அது நிஜம்தான், முதல் தடவை அரை மணி நேரம் ஆனால் ஆச்சரியப்படாதீர்கள். புதுப் பிளாஸ்டிக் முறுக்கிக்கொண்டு நிற்கும், மடிப்பு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குழம்பும். ஏரிக்கரை வெயிலில் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியபிறகு அதைக் கற்றுக்கொள்ள வேண்டாம், மொட்டை மாடியில் இரண்டு மூன்று தடவை பூட்டிக் கழற்றிவிடுங்கள். கொக்கி, பட்டை எதுவும் விட்டுப்போகாமல் பார்ப்பதும் அங்கேயே பழகிவிடும். (காற்றடிக்கிற படகு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் ஊர் வெயிலில் கரையில் போட்டுவைத்தால் உள்ளே காற்று விரிந்து தையல் விடும், கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். தண்ணீரில் இறக்கியதும் குளிர்ந்து தொய்யும், அப்போது மறுபடி அடித்துக்கொள்ளலாம். சீமைக்கருவேல முள் கிடக்கிற கரையில் அதை இழுக்கவே கூடாது.)

சரி, கவிழ்வது. முதல் நாள் வேலையே அதுதான், வேண்டுமென்றே கவிழுங்கள். இடுப்பளவு தண்ணீரில், லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கூட ஒருவர் பக்கத்தில் நிற்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்து பாருங்கள். உட்காருகிற இடத்தை மூடும் மேல்மூடித் துணி இருந்தால் அன்றைக்குப் போடாதீர்கள். விழுந்ததும் படகை விடக் கூடாது, துடுப்பையும் விடக் கூடாது, அது மட்டும் கைக்குப் பழகினால் போதும். அதன்பிறகு தண்ணீர் நிறைந்த படகைக் கரைக்குத் தள்ளிப் பாருங்கள், அப்போதுதான் விஷயம் புரியும். இருநூறு லிட்டர் புகுந்தால் இருநூறு கிலோ, பத்துப் பன்னிரண்டு கிலோவாகத் தூக்கிவந்த படகு அசையாது. அதனால் முன்முனையிலும் பின்முனையிலும் காற்றுப் பை திணித்துவைக்க வேண்டும். அது கிடைக்காவிட்டால் மூடி இறுக்கிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்களை வலைப் பையில் போட்டு நகராமல் கட்டுங்கள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட இரண்டு கிலோவைத் தாங்கும். ஆழத்தில் விழுந்தால் திரும்ப ஏறி உட்காருவது பழகாதவருக்கு நடக்காத காரியம், ஆகவே சுமாரான நீச்சலில் எவ்வளவு தூரம் வர முடியுமோ அதற்கு மேல் கரையை விட்டுப் போகாதீர்கள்.

நேரம் காலை எட்டு மணிக்குள். மழை முடிந்து ஏரி நிறைந்திருக்கிற தை, மாசி நல்ல பருவம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், இந்த எடையில்லாத படகு எம்மாத்திரம். எந்த நாளாக இருந்தாலும் போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது காற்றே கொண்டுவந்து விடும். ஆகாயத்தாமரை மண்டிய பக்கமும் வலை போட்ட பக்கமும் வேண்டாம், துடுப்பு சிக்கும்.

இன்னொன்று, நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ள ஏரி பொதுவாக நீர்வளத்துறை வசம், சின்னது ஊராட்சி ஒன்றியத்திடம். இருவரில் யார் என்று தெரிந்துகொண்டு கேட்டுவிடுங்கள், மீன் குத்தகை எடுத்தவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவர் ஆள்தான் டியூபிலோ தெர்மாகோல் தெப்பத்திலோ பக்கத்தில் இருப்பார், உங்களைக் கரை சேர்க்க வேண்டி வந்தால் முதலில் வருகிறவரும் அவர்தான்.