நல்ல பல் மருத்துவரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பல் காப்பீடு எடுத்தால் லாபமா?

முதலில் காப்பீடு, ஏமாற்றம் அங்கேதான் அதிகம். பல பாலிசிகளில் பரிசோதனை, சுத்தம் செய்தல் போன்றவற்றுக்கு உடனே பணம் கிடைக்கும். வேர் சிகிச்சை (ரூட் கெனால்), கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) என்று வந்தால் 6 முதல் 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்வார்கள். ஆண்டு உச்சவரம்பும் உண்டு, அதைத் தாண்டினால் கைக்காசுதான். ஓராண்டுப் பிரீமியத்தையும் அந்த வரம்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பல் நன்றாக இருப்பவர் பிரீமியப் பணத்தைச் சேமித்து வைப்பதே மேல் என்பது என் கணக்கு.

மருத்துவரைப் பொறுத்தவரை, எக்ஸ்ரேயைக் காட்டி, எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு ஆகும் என்று எழுதித் தருகிறாரா பாருங்கள். வேர் சிகிச்சைக்குச் சொன்ன தொகையில் கேப்பும் சேர்த்தியா என்று கேட்டுவிடுங்கள் (பெரும்பாலும் சேராது). செலவு கையைக் கடித்தால் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வதால் கட்டணம் குறைவு, நேரம்தான் இழுக்கும்.