குளவியும் ஃபிரிட்ஜும் – கடிதம்

வணக்கம்.

பூச்சிகளைக் கிட்டப் போய்ப் பெரிதாகப் படமெடுக்க மேக்ரோ லென்ஸ் வாங்கி மூன்று மாதமாகிறது. வண்டு, சிலந்தி எல்லாம் ஓரளவு வருகின்றன. குளவி மட்டும் சிக்கவே மாட்டேன் என்கிறது. கிட்டே போனால் பறந்துவிடுகிறது. உட்கார்ந்திருந்தாலும் கண் தெளிவாக வந்தால் உடம்பு மங்கிவிடுகிறது. பிடித்துக் கொஞ்ச நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் அசையாது என்கிறார் நண்பர். செய்யலாமா? கொட்டிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். குளிரில் மரத்துப்போன பூச்சி காலை மடக்கிக்கொண்டு, உணர்கொம்பு தொங்கக் கிடக்கும். வெளியே எடுத்ததும் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். பூச்சிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அது போகட்டும், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் உயிரை நம் படத்துக்காக முடக்கிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை.

விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வெயில் ஏறி உடம்பு சூடாகும்வரை அவற்றால் சட்டென்று பறக்க முடியாது. தனித்து வாழும் குளவிகளில் சில, புல்தண்டைத் தாடையால் கவ்வியபடியே இரவெல்லாம் தூங்கும். ட்ரைபாட் வைத்து நிதானமாக எடுக்கலாம்.

பகலில் துரத்தாதீர்கள். அது எங்கே திரும்பி வரும் என்று பாருங்கள். மண்குளவி ஈரமண்ணில் தலையைக் குத்தி, பின்னுடலைத் தூக்கி, இறகு அதிர ரீங்காரமிட்டபடி மண்ணைச் சுரண்டி உருட்டும். கூட்டில் அப்பிவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத்தான் வரும். முதல் இரண்டு நடையைச் சும்மா பாருங்கள். மூன்றாவது நடைக்கு அது வரும்போது நீங்கள் அங்கே அசையாமல் படுத்திருக்க வேண்டும். நான் அப்படிக் கிடந்த ஒரு நாளில், வந்த குளவியின் கண்ணோரம் ஒரு மண்துகள் ஒட்டியிருந்தது. உருண்டையைத் தாடையில் பிடித்தபடியே முன்னங்காலால் அதைத் துடைத்துவிட்டுத்தான் கிளம்பியது. கேமராவை அழுத்தவே மறந்துபோனேன்.

அப்புறம் தெளிவு. படம் பதியும் சென்சாரில் பூச்சி அதன் நிஜ அளவிலேயே விழும்போது, அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, எஃப் 11 என்ற சிறிய அளவில் வைத்தாலும் ஃபுல் ஃபிரேம் எனும் பெரிய சென்சார் கேமராவில் கூர்மையாக வரும் ஆழம் 1 மி.மீ.க்குச் சற்று மேல்தான். அபர்ச்சரை இன்னும் சுருக்கிக்கொண்டே போனால் மொத்தப் படமும் மழுங்கும். அதனால் கேமராவைத்தான் திருப்ப வேண்டும். குளவியின் பக்கவாட்டுக்கு இணையாகப் பிடித்தால் கண்ணும் இடுப்பும் ஒரே தளத்தில் வரும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உங்கள் உடம்பை இம்மி இம்மியாக முன்னே சாய்த்து, கண் கூர்மையானதும் அழுத்துங்கள். ஃபிளாஷுக்கு முன்னால், ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் டிஃப்யூசர் கட்டாயம். இல்லாவிட்டால் அந்தப் பளபளப்பான கறுப்பில் வெள்ளைத் திட்டு விழும்.

கொட்டுவது பெண் குளவிதான். மண்குளவிக்குக் கொடுக்கு முக்கியமாகச் சிலந்தியை மரக்கச் செய்யத்தான். கையால் பிடித்து நசுக்கினாலொழிய நம்மைப் பெரும்பாலும் கொட்டாது. கூட்டமாக வாழ்கிற காகிதக் குளவி வேறு ரகம். கூட்டில் இருப்பவை இறகை விரித்து உங்கள் பக்கம் திரும்பி நின்றால் மெதுவாகப் பின்வாங்கிவிடுங்கள். நம் மூச்சுக்காற்று பட்டாலே அவை உஷாராகிவிடும். பூச்சிக்கடி ஒவ்வாமை இருந்தால் அந்தக் கூட்டுப்பக்கமே போகாதீர்கள்.

சரி, முதலில் ஈரமண் இருக்கிற இடமாகப் பார்த்து ஒரு காலைப்பொழுது உட்காருங்கள். படம் வந்தால் எனக்கும் அனுப்புங்கள்.