மிருகங்கள் கூடப்பிறந்ததைக் கொல்வதில்லை என்பது உண்மையா?

கேட்டிருக்கும் கேள்வி இது: "சொத்துக்காகக் கூடப்பிறந்தவனைக் கொல்வது மனிதன் மட்டும்தான், ஐந்தறிவு ஜீவன்கள் அப்படிச் செய்வதில்லை என்கிறார்களே, உண்மையா?"

உண்மை இல்லை. கொஞ்சம்கூட இல்லை.

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டில் பாகப்பிரிவினை ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய மனிதர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து, "காக்காயைப் பாருங்கப்பா, ஒரு பருக்கை கிடைச்சாலும் கத்திக் கூப்பிட்டுத்தான் தின்னுது" என்று ஆரம்பித்திருப்பார். எங்கள் வீட்டிலும் ஒருவர் ஆரம்பித்தார். பங்காளி முறையில் பெரியப்பா ஆக வேண்டும், அதனால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்றைக்குச் சொல்லாததை எல்லாம் இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் விலங்கியல் படித்தவன் இல்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர் காரைக்குடிக்குப் பக்கம். கையில் ஒரு பைனாகுலர் உண்டு, பறவை பார்க்கிற கிறுக்கும் உண்டு. "கொக்குக்கும் மனுஷனுக்கும் முடிச்சுப் போடுகிறாயா" என்று கிளம்புகிறவர்கள் முழுதும் படித்துவிட்டுக் கிளம்பவும்.

திருப்பத்தூர் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி கண்மாய் தெரியுமா? வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று 1977-ல் அறிவித்த இடம். பறவைகள் மிரளக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை, பத்திரிகையில் வருஷா வருஷம் செய்தி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கொக்கும் நாரையும் வந்து அடையும். கரையில் நின்றபடியே கூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

நான் பார்த்தது உண்ணிக்கொக்குக் கூடு. மாட்டின் பின்னாலேயே அலையுமே, அதுதான். மூன்று குஞ்சு. பெரியது இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு, மூன்றாவது பாதிதான் இருக்கும். தாய் வந்து உட்கார்ந்ததும் பெரியது எம்பி அதன் அலகைக் குறுக்காகக் கவ்வி இழுக்கிறது. வெட்டுக்கிளியும் தவளையும் அரைத்த கூழாகத் தாயின் வாயிலிருந்து வரும்போதே நேராகப் பெரியதின் தொண்டைக்குள் போகிறது. இரண்டாவதுக்கு மிச்சம். மூன்றாவது தலையைத் தூக்கினால் போதும், மண்டையிலேயே கொத்து. அதன் உச்சந்தலையில் தூவியே இல்லை. தோல் சிவந்து, ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்தது. சாப்பாடு வரும்போதும் தலையைத் தூக்காமல் கூட்டின் ஓரத்துக் குச்சியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது.

தாய் என்ன செய்தது தெரியுமா? அரை அடி தூரத்தில் உட்கார்ந்து இறகு கோதிக்கொண்டிருந்தது. தடுக்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த தடவை நான் போனபோது கூட்டில் இரண்டுதான் இருந்தன.

"தாய்க்குத் தெரியாமல் நடந்திருக்கும்" என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஏற்பாடே தாயுடையதுதான் ஐயா. உண்ணிக்கொக்கு இரண்டு நாளைக்கு ஒன்றாக முட்டை இடும். எல்லாம் இட்டு முடித்தபின் அடைகாத்தால் எல்லாக் குஞ்சும் ஒன்றாகப் பொரித்துவிடும், சண்டை சமபலத்தில் நடக்கும். அது அப்படிச் செய்வதில்லை, முதல் முட்டையிலேயே உட்கார்ந்துவிடுகிறது. மூத்தது பொரித்துத் தின்று கொழுத்த பிறகுதான் கடைசி கண் விழிக்கும். அதோடு விட்டதா? முதல் இரண்டு முட்டையின் மஞ்சள் கருவில் ஆண்ட்ரோஜன் என்கிற, முரட்டுத்தனத்தைத் தூண்டும் ஹார்மோன் மூன்றாவதைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று 1997-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. வருஷம் நன்றாக இருந்து இரை ஏராளமாகக் கிடைத்தால் மூன்றும் பிழைக்கும், இல்லையென்றால் கடைசியைக் கழித்துக்கொள்ளலாம். முதல் முட்டை கூமுட்டையாகப் போனாலும் கையில் ஒன்று இருக்கும்.

பெரியப்பா காட்டிய காக்காய் இனத்திலும் கடைசியாகப் பொரித்த குஞ்சு பட்டினி கிடந்து சாவது சாதாரணம். அதற்கு மட்டும் யாரும் கத்திக் கூப்பிடுவதில்லை.

கொக்காவது வயிற்றுக்காக அடித்துக்கொள்கிறது. ஆப்பிரிக்காவில் வெரோ கழுகு என்று ஒரு கறுப்புக் கழுகு இருக்கிறது. இரண்டு முட்டை இடும், இரண்டும் பொரித்தால் ஏறக்குறைய எப்போதுமே ஒன்று சாகும். ஜிம்பாப்வேயில் மடோபோ குன்றுகளில் வாலரி கார்கெட் என்ற அம்மையார் இந்தக் கழுகுகளை வருஷக்கணக்கில் கவனித்தவர். ஒரு கூட்டில் மூத்த குஞ்சு இளையதை மூன்று நாளில் 1569 முறை கொத்தியதாக எண்ணி எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கழுகுக் கூடுகளில் இரை குவிந்து கிடக்கும்போதே இது நடக்கும் என்பதுதான் விசேஷம். பிற்பாடு பசி வந்தால் பங்குக்கு ஆள் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

கழுகு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "கழுகு நாற்பது வயதில் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் மோதி உடைத்துக்கொள்ளும், நகத்தைப் பிடுங்கிக்கொள்ளும், எல்லாம் புதிதாக முளைத்தபின் இன்னும் முப்பது வருஷம் வாழும்" என்று ஒரு கதை வாட்ஸப்பில் சுற்றுகிறதே, தயவுசெய்து அதை நிறுத்துங்கள். அலகு உடைந்த கழுகு பட்டினியில் செத்துப்போகும். காட்டில் கழுகு முப்பது சொச்சம் வயது வாழ்ந்தாலே அபூர்வம். நான் வேலை பார்த்த இடத்தில் ஊக்கப் பேச்சு என்று ஒருவரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்து, ஓய்வு பெறப் போகிற எங்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்ல வைத்தார்கள். படம் வேறு போட்டார். நான் கை தூக்கினேன், "கேள்விகள் கடைசியில்" என்றார். கடைசியில் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பறவையோடு முடியவில்லை. மணல் புலிச்சுறாவின் வயிற்றுக்குள்ளேயே பெரிய கரு மற்றக் கருக்களைத் தின்றுவிடும். அதற்குக் கருப்பை இரண்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே குட்டிதான் வெளியே வரும். 1940-களில் பிடிபட்ட ஒரு சினைச் சுறாவின் வயிற்றுக்குள் ஸ்பிரிங்கர் என்கிற ஆய்வாளர் கையை விட்டபோது உள்ளே இருந்த குட்டி கடித்துவிட்டதாம். புள்ளிக் கழுதைப்புலிக் குட்டி பல்லோடுதான் பிறக்கும், பிறந்த கையோடு கூடப்பிறந்ததின் கழுத்தைக் கவ்வும். தேன்கூட்டில் முதலில் வெளிவரும் ராணி, இன்னும் அறைக்குள் இருக்கும் தங்கை ராணிகளை அறைச் சுவரோடு கொட்டிக் கொல்லும். பன்றிக்குட்டிக்குப் பிறக்கும்போதே எட்டு ஊசிப்பல் இருப்பது எதற்கு என்கிறீர்கள்? பால் அதிகம் வரும் முன்காம்பைப் பிடிக்கத்தான்.

இனி எனக்கு முக்கியமான இடம். டக்ளஸ் மாக் என்பவர் அமெரிக்காவில் டெக்சஸ் கடற்கரையில் கொக்கு, நாரைக் கூடுகளைப் பார்த்துக்கொண்டே கிடந்தவர். பெரிய கொக்கின் குஞ்சுகள் ஒன்றையொன்று கொல்கின்றன. பக்கத்திலேயே கூடு கட்டும் பெரிய நீல நாரையின் குஞ்சுகள் அவ்வளவாகச் சண்டை போடுவதில்லை. ஏன் என்று பார்த்தால், கொக்கு கொண்டுவருவது சின்ன மீன், தாயின் வாயிலிருந்தே ஒரு குஞ்சு பிடுங்கி விழுங்கிவிடலாம். நாரை கொண்டுவருவது பெரிய மீன். கூட்டின் நடுவில் போடும். எந்தக் குஞ்சின் வாய்க்கும் அது முழுசாக அடங்காது, ஆளுக்கொரு பக்கம் கடித்துத் தின்ன வேண்டியதுதான். மாக் நாரைக் குஞ்சுகளைக் கொக்குக் கூட்டில் வைத்து வளரவிட்டார். சின்ன மீன் தின்று வளர்ந்த அந்தச் சாது நாரைகளும் கொலைகாரர்கள் ஆயின. கொக்குக் குஞ்சை நாரைக் கூட்டில் வைத்தால் மட்டும் அது திருந்தவில்லை, பழையபடியே அடித்துக்கொண்டது. 1984-ல் வெளியான ஆய்வு இது.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீடுதான் கண்ணில் நின்றது.

எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி என்று தெரிந்திருக்கும். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். பர்மா தேக்குத் தூண், வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றி அறைகள். பங்காளிகள் எல்லோருக்கும் உரிமை. அத்தனை பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஓட்டைக்கூட விற்க முடியாது, கையெழுத்துப் போட வேண்டியவர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். அந்த வீட்டுக்காக நானும் அண்ணனும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. யார் வாய்க்கும் அடங்காத மீன் அது.

சண்டை வந்தது ஒரு சாவிக்கு. ஆத்தா காலமானபின் எங்கள் பங்கு அறைக்கு அண்ணன் புதுப் பூட்டுப் போட்டார். உள்ளே ஆத்தாவுக்குச் சீராக வந்த பித்தளை அண்டா, எனாமல் தூக்கு, பர்மாவிலிருந்து வந்த மரவை என்கிற மரப்பாத்திரம். பழைய சாமான் வாங்குகிறவர் ஒருவர் வேன் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வருவார், எல்லா வீட்டு நிலவரமும் அவருக்கு அத்துப்படி. யார் வெளியூரில், யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்பது உள்பட. நான் ஊருக்குப் போனபோது அண்டா இல்லை. கேட்டால், "நீ மெட்ராஸ்ல உக்காந்துக்கிட்டுக் கேப்ப. ஓடு மாத்தினது யாரு, ஒட்டடை அடிச்சது யாரு?" என்றார். ஒட்டடை அடித்தது அவர்தான், மறுக்கவில்லை. அண்டாவைத் தூக்கியதும் அவர்தான்.

நான் இளையவன், அதனால் ஒருபக்கமாகத்தான் பேசுவேன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அண்ணனைக் கழுகு என்று நான் சொல்லவே இல்லை. எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கொத்தவில்லை, பேச்சு நின்றது, அவ்வளவுதான். அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, மட்டும் தீபாவளிக்குப் போன் செய்வார்கள்.

எங்கள் முன்னோர்களுக்கு இந்தக் கொக்குக் கணக்கு தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். கல்யாணம் ஆன மகனை 'வேறு வைப்பது' என்று நகரத்தார் வழக்கம். வீடு அதே வீடு, வளவு அதே வளவு, ஆனால் அடுப்பு தனி. வருஷச் செலவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிடுவார்கள், அவரவர் சமையல் அவரவருக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு, பெற்றவர்களே பிள்ளையைப் பிரித்து வைக்கிறார்களே என்று தோன்றும். யார் இலையில் என்ன விழுகிறது என்று பக்கத்து இலைக்காரர் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. வீட்டில் அடுப்பே எரியாத காலத்தில் அந்த ஏற்பாடு எதற்கு ஆகும்? மிச்சம் இருப்பது பூட்டும் சாமானும்தான்.

ஆகவே, மிருகங்களைக் காட்டி யாராவது உங்களை விட்டுக்கொடுக்கச் சொன்னால் சுறாவைச் சொல்லுங்கள். அதே சுறாவைக் காட்டி "இயற்கையே அப்படித்தான்" என்று யாராவது உங்கள் பங்கைச் சுருட்டப் பார்த்தால், அந்த நீல நாரையைச் சொல்லுங்கள். அப்புறம், பத்திரத்தில் வீட்டையும் நிலத்தையும் வக்கீலே எழுதிவிடுவார். அண்டா, தூக்கு, மரவை, சாவி எத்தனை, யாரிடம் என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். வேன் வருவதற்கு முன்னால் எழுதிவிடுங்கள்.